செங்குளத்துப்பட்டியின் பதினான்கு மேடுகள்

வேளாங்கண்ணி ஒரு மோசடிக்காரி என்று கணினி கண்டுபிடித்தபோது அவள் ஆவூர் ரோட்டில் ஸ்கூட்டி பஞ்சராகி நின்றிருந்தாள். செய்தியைப் போனில் சொன்னவர் ரகுநாத். நானூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஏசி அறையில், மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் களப்பணியாளராக இருக்கும் ஆராய்ச்சித் திட்டத்தின் எண்களையெல்லாம் கட்டி மேய்க்கும் ஒருங்கிணைப்பாளர். நல்ல மனிதர். கெட்ட செய்தியை நல்ல மனிதர்கள் சொன்னால் நேரம் அதிகம் பிடிக்கும். வெயிலைப் பற்றி விசாரித்தார், வண்டியைப் பற்றி விசாரித்தார், பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“மேடம், உங்க ஊர்ல இருபத்திமூணு பேரோட இதயத்துடிப்பு ஒண்ணுபோல இருக்கு.”

“நல்லதுதான சார்.”

“ஒண்ணுபோலன்னா, ஒரே மாதிரி. ஆறு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அஞ்சரைக்கு ஆரம்பிக்குது. கிராஃப்ல பதினாலு மேடு. ஏறுது, இறங்குது, ஏறுது, இறங்குது. இருபத்திமூணு கோட்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சா கிட்டத்தட்ட ஒரே கோடு. சிஸ்டம் இதைக் காப்பின்னு சொல்லுது.”

“கிட்டத்தட்டதான சார்? அச்சு அசலா இல்லைல?”

“அதைத்தான் சிஸ்டம் இன்னும் மோசம்னு சொல்லுது. காப்பி எடுத்துட்டு, தெரியாம இருக்க அங்கங்க கொஞ்சம் மாத்தியிருக்காங்கன்னு.”

பதினாலு என்று காதில் விழுந்ததுமே வேளாங்கண்ணிக்கு விளங்கிவிட்டது. விளங்கியதைச் சொல்ல முடியாது என்பதும் அடுத்த நொடியே விளங்கிவிட்டது.

“அந்த நேரத்துல அவங்க எல்லாரும் ஒரே காரியத்தைச் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க சார்.”

“என்ன காரியம்?”

“அதை நான் சொல்லக் கூடாது.”

குற்றவாளிகள் இப்படித்தான் பேசுவார்கள் என்பது ரகுநாத்துக்கும் தெரியும், வேளாங்கண்ணிக்கும் தெரியும்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது இரண்டும் செங்குளத்துப்பட்டியில்தான். ஆவூருக்கு மேற்கே நான்கு கிலோமீட்டர். புதுக்கோட்டையில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தாள். அங்கே செய்முறைத் தேர்வில் தனி ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அது ஒன்பது புள்ளி எட்டு என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஆகவே எல்லோரும் முதலில் ஒன்பது புள்ளி எட்டை எழுதி, அதிலிருந்து பின்னோக்கி நடந்து, ஊசல் எத்தனை முறை ஆடியிருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். வேளாங்கண்ணிக்கு மட்டும் ஒன்பது புள்ளி மூன்று வந்தது. அதையே எழுதினாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கனிவானவர்.

“ஒன்பது புள்ளி எட்டுன்னு போடும்மா. பூமி எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“பூமி ஒண்ணுதான் சார். நூல் வேற.”

நூல் கொஞ்சம் இழுபடும் ரகம் என்று அவள் விளக்கியதற்கும் சேர்த்து மதிப்பெண் குறைந்தது. பிறகு தனியார் பள்ளிகளில் பதினொரு வருடம் டீச்சர் வேலை. கடைசியாக இருந்த பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்காகப் பிள்ளைகளை வைத்துத் தொண்ணூறு நாள் மழை அளந்தாள். அளக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததால் இரண்டு நாள் கட்டம் காலியாக இருந்தது. தாளாளர் வந்து பார்த்தார். கலெக்டர் ஆபீசிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், பொக்கைவாய் மாதிரி இருக்கிறது, நிரப்பிவிடு என்றார். அந்தக் கட்டங்கள் நிரம்பவில்லை. அடுத்த ஜூனில் அவளுடைய வேலை காலியானது.

இப்படிப்பட்டவளுக்கு ஏற்ற இடம் ஆராய்ச்சிதான் என்று யாரும் நினைப்பார்கள். அவளும் நினைத்தாள்.

வந்த திட்டம் பெரியது. வெயில் ஏற ஏற மனக்கவலையும் ஏறுகிறதா என்பது கேள்வி. மணிக்கட்டில் ஒரு பட்டை. அது தோலுக்குள் பச்சை வெளிச்சத்தை அனுப்பி, ரத்தம் விழுங்கியது போக மிச்சம் திரும்புவதை வைத்துத் துடிப்பை எண்ணும், இது இயற்பியல். அந்தத் துடிப்பு இதயத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பது மருத்துவம். வாரம் ஒருமுறை முப்பது கேள்வி, இது உளவியல். ஊர் மேல்நிலைத் தொட்டியின் உச்சியில் ஒரு பெட்டி, பட்டைகள் சொல்வதையெல்லாம் வாங்கி டவருக்கு அனுப்பும், இது வலையமைப்பு. நான்கு துறைகள். ஒவ்வொன்றும் தனக்குத் தெரியாத மற்ற மூன்றையும் முழுமையாக நம்பியது. விஞ்ஞானத்தில் இதைப் பல்துறை ஆராய்ச்சி என்பார்கள். செங்குளத்துப்பட்டியில் கூட்டு விவசாயம் என்பார்கள், விளைச்சலைப் பங்கு பிரிக்கும் வரை.

ஊரில் நாற்பது பேர் சேர்ந்தார்கள். பெயர் கிடையாது, பி-ஒன்று முதல் பி-நாற்பது வரை எண்கள். சேர்வதற்கு முன்னால் ஒப்புதல் படிவம் உண்டு, பன்னிரண்டு பக்கம். மற்ற ஊர்களில் களப்பணியாளர்கள் ‘இங்க ஒரு கையெழுத்து’ என்று முடித்துக்கொண்டார்கள். வேளாங்கண்ணி நாற்பது பேருக்கும் நாற்பது முறை முழுதாக வாசித்தாள். வேலை உறுதித் திட்டத்துக்குப் போகும் சந்தனம் கடலை உரித்துக்கொண்டே கேட்டாள். ஐந்தாம் பக்கத்தில் ‘பங்கேற்பாளரின் சாதி, மதம் கேட்கப்படாது, பதியப்படாது, களப்பணியாளரால் எவருக்கும் தெரிவிக்கப்படாது’ என்று வந்ததும் உரிப்பதை நிறுத்தினாள்.

“கேக்காமயே ஒனக்குத் தெரியுமே டீச்சர்.”

“எனக்குத் தெரிஞ்சது எங்கிட்ட இருக்கட்டும்க்கா. தாள்ல ஏறாது.”

“அப்பச் சரி. மேல படி. தூக்கம் வருது, சத்தமாப் படி.”

வாராந்திரக் கேள்விகள் அதைவிடக் கடினம். கேள்வியை விளக்கக் கூடாது, உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும் என்பது விதி. ‘எதிர்காலம் குறித்த நம்பிக்கையின்மையைக் கடந்த வாரத்தில் எந்த அளவுக்கு உணர்ந்தீர்கள்? சற்றும் இல்லை, ஓரளவு, பெருமளவு’ என்று கேட்டால், மூன்றுமுறை வாசித்த பிறகு சந்தனம் சொல்வாள்:

“மழை பேஞ்சாச் சொல்றேன்.”

“அப்படி ஒரு கட்டம் இல்லக்கா.”

“அப்ப அவுகளுக்கு வெவசாயம் தெரியாது.”

வேளாங்கண்ணி காத்திருப்பாள். ஒரு பதிலுக்கு ஒன்பது நிமிடம்கூடக் காத்திருந்தது உண்டு. ஊரில் அவளுக்கு ‘வாட்ச்சு டீச்சர்’ என்று பேராகிவிட்டது. அவள் வீட்டுக்குள் நுழைந்தால் ஆட்கள் தாமாகவே கையை நீட்டினார்கள்.

பதினான்கு மேட்டின் கதை இதுதான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் மாதா கோவிலில் சிலுவைப்பாதை நடக்கும். சுவரில் பதினான்கு படம், பதினான்கு நிலை. ஒவ்வொரு நிலையிலும் எல்லோரும் ஒருசேர முழங்காலிடுவார்கள், செபம் முடிந்ததும் ஒருசேர எழுவார்கள். பகலெல்லாம் மண்வெட்டி பிடித்த உடம்பு முழங்காலிலிருந்து எழும்போது இதயம் கொஞ்சம் முறையிடும். முறையீடு அடங்குவதற்குள் அடுத்த நிலை வந்துவிடும். இருபத்திமூன்று நெஞ்சு, பதினான்கு எழுச்சி, ஆறு வெள்ளிக்கிழமை. முந்நூறு வருடமாக அந்த வட்டாரத்தில் நடக்கிறது. வரைபடமாக அதை யாரும் பார்த்ததில்லை என்பது ஒன்றுதான் புதிது.

இதை ரகுநாத்திடம் சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஒரு வாக்கியம். ஆனால் அந்த ஒரு வாக்கியம் இருபத்திமூன்று பேரின் மதத்தை அவர்களுடைய எண்களுக்கு நேராக எழுதிவிடும். எழுத மாட்டேன் என்று அவள் நாற்பது முறை வாசித்திருக்கிறாள். சொன்னால் அது பொய்யாகவும் போகும் என்பது இன்னொரு சங்கடம். அந்த இருபத்திமூன்றில் நான்கு பேர் கிறிஸ்தவர்களே இல்லை. சந்தனம் செவ்வாய்க்கிழமை மாரியம்மனுக்கும் தவக்கால வெள்ளிக்கு மாதாவுக்கும் போகிறவள். முட்டி போட்டால் முட்டிவலி போகும் என்பது அவளுடைய வைத்திய முறை.

இரண்டு நாள் கழித்து மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. ‘களப்பதிவுகளில் நிகழ்ந்த முறைகேட்டுக்கு நான் பொறுப்பேற்கிறேன். இருபத்திமூன்று பங்கேற்பாளர்களின் பதிவுகள் ஆய்விலிருந்து நீக்கப்படுவதற்குச் சம்மதிக்கிறேன்.’ கீழே புள்ளிக்கோடு. பத்து நாளில் கையெழுத்திட்டு அனுப்பினால் எச்சரிக்கையோடு வேலை தொடரும். அனுப்பாவிட்டால் ஒப்பந்தம் முடியும். அதாவது மோசடி செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறவளை ஆராய்ச்சியில் வைத்துக்கொள்வார்கள், செய்யவில்லை என்கிறவளை அனுப்பிவிடுவார்கள். இதில் உள்ள முரண்பாடு அனுப்பியவர்கள் கண்ணில் படவில்லை. படிவம் தயாரிப்பவர்கள் அதை வாசிப்பது அபூர்வம்.

அவள் கணவன் ஜெரால்டு திருமயத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறவன். கடிதத்தைப் படித்துவிட்டு, சாப்பிட்ட கையோடு தீர்ப்பும் சொன்னான்.

“ஒரு கையெழுத்துத்தான வேளா. பேங்க்ல போய்ப் பக்கம் பக்கமாப் போடுறோம், படிச்சா போடுறோம்?”

“பேங்க்ல போடுறது என் பேரு. இதுல போட்டா அது எவளோட பேரோ.”

“வேலை போயிரும்.”

“போனா வேற வேலை. சந்தனக்கா ஆறு வெள்ளிக்கிழமை முட்டி தேஞ்சது பொய்யின்னு நான் கையெழுத்துப் போட முடியாது.”

ஜெரால்டு கை கழுவ எழுந்தான். கல்யாணமான புதிதில் மின்சார மீட்டர் தவறாக ஓடுகிறது என்று அவள் மின்வாரியத்துக்கு எழுதிப் போட்டவள். மீட்டர் குறைவாக ஓடுகிறது என்று.

அவள் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. ஒப்புதல் படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தின்படி, ஒருவருடைய பதிவை நீக்குவதாக இருந்தால் அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். மறுநாள் காலை ரேஷன் கடையில் பாமாயில் போட்டார்கள். வரிசையில் பாதி பேர் எண்காரர்கள். வேளாங்கண்ணி ஒவ்வொருவராகத் தனியே அழைத்துத் தெரிவிக்கத் தொடங்கினாள். சந்தனம் முறை வந்தது.

“பி-இருபத்தொன்பது, ஒங்க ஆறு வெள்ளிக்கிழமைத் துடிப்பு, பதினாலு பதினாலா மேடு வந்தது, உண்மையில்லைன்னு நீக்கப் போறாங்க. ஒங்களுக்குத் தெரிவிக்கணும். தெரிவிச்சுட்டேன்.”

“உண்மையில்லையா? அப்ப நான் செத்தா போயிருந்தேன்?”

“செத்துட்டீங்கன்னு சொல்லலக்கா. நான் உக்காந்து தயாரிச்சேன்னு சொல்றாங்க.”

“நீயா? நீ எங்கிட்ட ஒரு பதிலை வாங்கிட்டுப் போறதுக்குள்ள பொழுது சாஞ்சுரும். நீ தயாரிக்கிற ஆளா?” சந்தனம் பாமாயில் பாக்கெட்டைப் பைக்குள் போட்டாள். “சிலுவைப்பாதைன்னு சொல்ல வேண்டியதுதான.”

“நான் சொல்லக் கூடாது. அஞ்சாம் பக்கம்.”

“நீ சொல்லக் கூடாது.” சந்தனம் கொஞ்சம் யோசித்தாள். “நாங்க சொல்லலாம்ல?”

வேளாங்கண்ணி பன்னிரண்டு பக்கத்தையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளக் கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. கடைசிப் பக்கத்தில், புகார் இருந்தால் அறநெறிக் குழுவின் செயலரை அழைக்கலாம் என்று ஒரு போன் நம்பர்கூட இருந்தது.

“சொல்லலாம். ஆனா யாருக்குப் பேசணும், என்ன பேசணும்னு நான் சொல்லித்தர மாட்டேன்க்கா. அப்பறம் அதையும் நான்தான் தயாரிச்சேம்பாங்க.”

“நீ ஒண்ணுஞ் சொல்ல வேணாம். இங்கிட்டு நின்னு வேடிக்கை பாரு.”

சந்தனம் ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்தாள். ஆதார், தடுப்பூசிச் சீட்டு, நகைக்கடை காலண்டரிலிருந்து கிழித்த ஒரு நம்பர், இவற்றுக்கு நடுவே எட்டாக மடித்த ஒப்புதல் படிவம். முக்கியம் என்று யாராவது சத்தமாக வாசித்துக் கொடுத்த தாளை அந்த ஊரில் யாரும் தூக்கிப்போடுவதில்லை. வரிசையில் இன்னும் ஆறேழு உறைகள் திறந்தன.

வரிசையின் கடைசியில் நின்ற சூசைமாணிக்கம் முன்னால் வந்தார். வேளாங்கண்ணிக்குச் சின்னையா முறை. அறுபத்தாறு வயது, சிலுவைப்பாதையில் சிலுவை தூக்கி முன்னால் போகிறவர்.

“ஏத்தா, அந்த இருபத்திமூணுல நான் இருக்கேன்ல?”

“இல்ல சின்னையா.”

“நான் இல்லாமயா? எல்லாருக்கும் முன்ன முட்டி போட்டவன் நான்.”

“நீங்க முட்டி போட்டீங்க. ஒங்க பட்டை கொல்லையில நின்னுச்சு.”

வரிசை சிரித்தது. சூசைமாணிக்கம் பாமாயில் விலைப்பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார். விஷயம் ஊருக்கே தெரியும். மாசி மாதத்தில் பட்டைக்கு அடியில் அவருக்கு அரிப்பு எடுத்தது. கழற்றி வைத்தால் ஒரு மணி நேரத்தில் போன் வரும். ‘உங்கள் பட்டை அணியப்படவில்லை’ என்று ஒரு பெண்குரல் சொல்லும். அந்தப் பெண்ணிடம் அரிப்பைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார், அவள் கேட்கிற மாதிரி தெரியவில்லை. கொல்லையில், குளிக்கிற இடத்தின் ஈரத்தில், மணிக்கட்டுப் பருமனில் ஒரு வாழைக்கன்று நின்றது. பட்டையை அதற்குக் கட்டிவிட்டார். போன் நின்றுவிட்டது. ‘அதுவும் உசுருதான’ என்பது அவர் கட்சி. மூன்று வாரம் கழித்துத்தான் வேளாங்கண்ணி கண்டுபிடித்தாள்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு ஆவுடையப்பனின் போன் அடித்தது. அவர் ஓய்வுபெற்ற மருந்தியல் பேராசிரியர், அறநெறிக் குழுவின் செயலர். ஆறு வருடமாக அந்த நம்பரை வைத்திருக்கிறார். அதில் கடன் வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. புகார் என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. பங்கேற்பாளர்கள் திருப்தியாக இருப்பதற்கு அதுவே சான்று என்று ஆண்டறிக்கையில் எழுதுவார்.

“வணக்கங்க. பி-இருபத்தொன்பது பேசுறேன்.”

“யாரும்மா?”

“பேரு சொல்ல வேண்டியதில்லைன்னு தாள்ல போட்டுருக்குங்க.”

“சரி, என்ன புகார்?”

“நான் உசுரோட இருக்கேங்க. கம்ப்யூட்டரு ஒத்துக்க மாட்டேங்குது.”

ஆவுடையப்பன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆறு வருடமாக ஒருமுறையும் தொடாத புகார்ப் படிவத்தைத் தேடி எடுத்தார். சந்தனம் சிலுவைப்பாதையைப் பற்றி, தன் முட்டியைப் பற்றி, மாரியம்மனுக்கு இதில் ஆட்சேபம் இல்லை என்பதைப் பற்றிப் பதினைந்து நிமிடம் சொன்னாள். போனை வைத்ததும் பி-நான்கு கூப்பிட்டார். பிறகு பி-முப்பத்தொன்று. மத்தியானத்துக்குள் பதினேழு பேர். பி-பன்னிரண்டு பேசும்போது ஆவுடையப்பன் கேட்டார்:

“யாராவது சொல்லிக் கொடுத்துப் பேசுறீங்களா?”

“ஒங்க நம்பரைக் குடுத்தது ஒங்க தாளுதாங்க. சொல்லிக் குடுக்கணும்னா டீச்சரைத்தான் கேக்கணும். அது ‘எங்கிட்டப் பேசாதீங்க’ன்னு கதவைச் சாத்திக்கிச்சு.”

மூன்று மணிக்குள் இருபத்திமூன்றும் முடிந்தன. ஒருவர் புழுக்கத்தைச் சொன்னார், ஒருவர் எட்டாவது நிலையில் தலை சுற்றியதைச் சொன்னார், ஒருத்தி கைக்குழந்தையோடு எழுந்ததால் தன்னுடைய மேடு மற்றவர்களைவிட உயரமாக இருக்க வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். ஆவுடையப்பன் ரகுநாத்தைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். உயரமாகத்தான் இருந்தது.

ஒரு வாரத்தில் புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் சிறிய அறை ஏற்பாடாயிற்று. திட்டத்தின் தலைவர் அமராவதி நேரில் வந்தார். உளவியல் பேராசிரியர், ஐம்பத்தெட்டு வயது, யாரையும் கடிந்து பேசாதவர். மடிக்கணினியோடு ரகுநாத். எதிரே வேளாங்கண்ணி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள், உட்காரச் சொல்லும்வரை இங்கேயும் நின்றாள்.

“ஒரே ஒரு வரி சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமேம்மா” என்றார் அமராவதி.

“பன்னெண்டு பக்கம் எழுதினது நீங்க மேடம். நான் வாசிச்சேன், அவ்வளவுதான்.”

அமராவதி லேசாகச் சிரித்தார். அந்தப் பக்கங்களை எழுதியது அவரேதான். எழுதிய பிறகு அதைக் கடைப்பிடித்த ஒருத்தியை முதல்முறையாகப் பார்க்கிறார்.

ரகுநாத் தன் தரப்பைச் சொன்னார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. “சிஸ்டத்தை முழுக்கக் குறை சொல்ல முடியாது மேடம். நல்ல டேட்டாவை அது நல்ல டேட்டான்னுதான் சொல்லுது. இதே ஊர்ல பி-இருபத்தேழு பாருங்க. மார்ச் மாசம். துடிப்பு அறுபத்தெட்டு, எழுபது, அறுபத்தொன்பது. அலட்டல் இல்ல, நடுவுல கழட்டல. எல்லா மாவட்டத்துக்கும் இதைத்தான் முன்மாதிரியா அனுப்பியிருக்கோம். மாநாட்டுலகூட அமராவதி மேடம் இந்தப் படத்தைத்தான் காட்டினாங்க.”

வேளாங்கண்ணி திரையை எட்டிப் பார்த்தாள்.

“அது வாழைக்கன்று சார்.”

“என்னது?”

“பச்சை வெளிச்சம் தோல்னு பாக்காது, வாழைப்பட்டைன்னு பாக்காது. ஈரமா எது இருந்தாலும் உள்ள போய்த் திரும்பும். திரும்பி வர்ற அசைவுல துடிப்பைத் தேடுறது ஒங்க சிஸ்டம். தேடச் சொன்னா அது கண்டுபிடிச்சுரும் சார். இல்லைன்னு சொல்ல அதுக்குக் கத்துக் குடுக்கல.”

“நீங்க இதைச் சொல்லவே இல்லையே.”

“குறிப்புரைன்னு ஒரு கட்டம் இருக்கு. தொறந்து பாருங்க.”

ரகுநாத் அந்தக் கட்டத்தைத் தேடுவதற்கே நேரம் பிடித்தது. அது செயலியில் நாலு அடுக்குக்குக் கீழே இருந்தது. திறந்தார். வாசித்தார், முதலில் மனசுக்குள், பிறகு அமராவதி கேட்டதால் சத்தமாக.

“‘மார்ச் பத்தொன்பது. பி-27. பட்டை வாழைக்கன்றில் கட்டப்பட்டிருக்கக் கண்டேன். பிப்ரவரி இருபத்தேழு முதல் இன்றுவரை உள்ள பதிவு மனிதருடையது அல்ல. நீக்கவும். பங்கேற்பாளருக்குத் தோலில் அரிப்பு. மருத்துவரிடம் போகச் சொல்லியுள்ளேன்.’”

முட்டி தேய்ந்த இருபத்திமூன்று பேரைப் பொய் என்று தள்ளிய இயந்திரம், குளிக்கிற தண்ணீரில் வளர்ந்த ஒரு கன்றை மனித அமைதியின் இலக்கணம் என்று ஐந்து மாவட்டங்களுக்கு அனுப்பி வைத்திருக்கிறது. அதில் ஒரு நியாயமும் உண்டு. இந்த வெயிலில் கவலையில்லாமல் நிற்க வாழைக்கன்றால்தான் முடியும்.

அமராவதி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, வெள்ளிக்கிழமைக் கோடுகளைப் பார்த்தார். பிறகு சொன்னார், “இந்த இருபத்திமூணு பேரையும் திரும்பச் சேர்த்தா ஒரு சிக்கல் இருக்கும்மா. வெள்ளிக்கிழமை அவங்களுக்குத் துடிப்பு ஏறியிருக்கு. ஆனா சனிக்கிழமை நீங்க கேட்ட கேள்விகள்ல கவலை இறங்கியிருக்கு. நாங்க சொல்லவந்ததுக்கு நேர் எதிர். கட்டுரை பாதி மாறிடும்.”

“மாறட்டும் மேடம். அவங்க துடிச்சது அப்படி.”

“மறுபடி எழுத ஒரு வருஷம் ஆகும்.”

“நான் ஒரு கேள்விக்கு ஒன்பது நிமிஷம் உக்காந்திருக்கேன் மேடம்.”

அமராவதி தலையசைத்தார். ரகுநாத்திடம் திரும்பிக் கடிதம் சொன்னார். பக்கத்து அறை பிரிண்டரில் அது வந்து சேர்ந்தது. ‘களப்பணியாளரின் விளக்கம் ஏற்கப்பட்டது. சந்தேகத்தின் பலன் அவருக்கு அளிக்கப்பட்டு, நடவடிக்கை கைவிடப்படுகிறது.’

வேளாங்கண்ணி வாசித்தாள். தாளை மேசைமேல் வைத்தாள்.

“இது வேணாம் மேடம்.”

“ஏம்மா? உங்களுக்குச் சாதகமாத்தானே இருக்கு.”

“சந்தேகத்தோட பலனைத் திருடனுக்குக் குடுப்பாங்க, நிரூபிக்க முடியலைன்னா. இங்க நிரூபிச்சாச்சு. அதுவும் நான் நிரூபிக்கல, இருபத்திமூணு பேரு அவங்க காசுல போன் பண்ணி நிரூபிச்சாங்க. நான் விளக்கமே குடுக்கல. குடுக்காததை எப்படி ஏத்துக்கிட்டீங்க?”

ரகுநாத் மெல்ல, “எப்படி எழுதணும்னு நீங்களே சொல்லுங்க மேடம்” என்றார்.

“பதிவுகள் உண்மையானவை. பிழை பகுப்பாய்வில் நேர்ந்தது.”

“பகுப்பாய்வுன்னா அது நான்தான்.”

“ஆமா சார்.”

வஞ்சனை இல்லாமல் சொன்னாள். ஊசல் நூலைப் பற்றிச் சொன்ன அதே குரல். ரகுநாத் அமராவதியைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார். ரகுநாத் தட்டினார். பகுப்பாய்வு என்ற சொல்லுக்கு முன்னால் விரல் கொஞ்சம் நின்றது, பிறகு அதையும் தட்டினார். புதிய தாள் வந்தது. இரண்டே வரி. அமராவதி கீழே கையெழுத்திட்டு நீட்டினார்.

“இந்தத் திட்டம் டிசம்பரோட முடியுதும்மா. உங்களை மாதிரி ஒருத்தரை அடுத்த திட்டத்துல எடுப்பாங்களான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. ஒளிக்காமச் சொல்றேன்.”

“எடுக்காட்டிப் போறாங்க மேடம்.” வேளாங்கண்ணி தாளை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், மடிக்கவில்லை. மேசைமேல் வைத்து அவர் பக்கமாகத் திருப்பி நகர்த்தினாள். “இதுல தேதி போடல.”